உட்கார ஒரு நாற்காலி

‘பிரேமம்’ மலர் டீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். 2015-ல் வந்த மலையாளப் படம். தமிழ்நாட்டிலும் மாதக்கணக்கில் ஓடியது. முகப்பருவும் புடவையுமாக சாய் பல்லவி நடந்து வந்ததைப் பற்றி நம்ம ஊர்ப் பையன்கள் எழுதித் தள்ளிய கவிதைகளைச் சேர்த்தால் ஒரு பீரோ நிறையும். ஆனால் அந்த அம்மணி கல்லூரிக்குள் எப்படி நுழைந்தார் என்பதை யாரும் பேசியதாகத் தெரியவில்லை. புது மாணவி என்று நினைத்து ஹீரோவும் சகாக்களும் ராகிங் செய்யக் கூப்பிடுகிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, வந்திருப்பது கெஸ்ட் லெக்சரர் என்று. தியேட்டரில் ஒரே சிரிப்பு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கல்லூரிக்குப் புதிதாக ஒரு ஆசிரியர் வருகிறார். எதிர்கொண்டு அழைக்க மூன்று மாணவர்கள்தான் இருக்கிறார்கள், அதுவும் ராகிங்குக்கு! சக ஆசிரியர்கள் தரப்பில்? ஜாவா வாத்தியார் காதல்வயப்படுகிறார். அவ்வளவுதான்.

படத்தைக் குறை சொல்லவில்லை. இயக்குநர் ஊரில் உள்ளதைத்தான் காட்டியிருக்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். எம்.காம்., எம்.ஃபில்., நெட் தேர்வும் பாஸ். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்தது. காலை பத்து மணிக்கு ஆர்டரை வாங்கினார். பத்தரைக்கு ஹெச்.ஓ.டி. ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். “ஃபர்ஸ்ட் பி.காம்., பி செக்‌ஷன். பதினொன்றே காலுக்கு கிளாஸ். போயிடுங்கம்மா.” என்ன பேப்பர் சார் என்று கேட்டிருக்கிறார். “ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங். நீங்க படிச்சதுதானே!”

உள்ளே எழுபது பேர். வகுப்பை முடித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்காரப் போனால், “அது சீனியர் மேடம் சேராச்சே” என்று ஒரு குரல். அடுத்த மூன்று வாரம் லைப்ரரியில்தான் உட்கார்ந்திருந்தார். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் எங்கே இருக்கும், இன்டர்னல் மார்க்கை எப்படிப் பிரித்துப் போடுவது, லீவு வேண்டுமென்றால் யாரிடம் எழுதிக் கொடுப்பது, எல்லாம் அட்டெண்டர் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. (நம் கல்லூரிகளில் புது ஆசிரியர்களுக்கு உண்மையான வழிகாட்டி அட்டெண்டர்கள்தான். அவர்களுக்கு யாரும் நல்லாசிரியர் விருது கொடுப்பதில்லை.)

அந்த நாற்காலியைவிட எனக்கு உறுத்துவது, “நீங்க படிச்சதுதானே” என்ற அந்த வாசகம்.

ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்த பி.எட். வேண்டும். 2015 முதல் அது இரண்டு வருஷப் படிப்பு. அதில் வாரக்கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பாடம் எடுத்துப் பழக வேண்டும். கல்லூரியில் நடத்துவதற்கு? நெட் தேர்வின் முதல் தாளில் பத்துப் பகுதிகள். அதில் ஒன்று கற்பிக்கும் திறன். நாலு விடைகளில் சரியானதை ‘டிக்’ செய்துவிட்டால் திறன் வந்துவிட்டதாக அர்த்தம். பிஎச்.டி. முடித்தவர்களுக்குப் பல சமயம் அந்தச் சிரமம்கூட இல்லை. பாடம் தெரிந்தவருக்குப் பாடம் சொல்லவும் தெரியும் என்பது ஒரு நம்பிக்கை. நன்றாகச் சாப்பிடத் தெரிந்தவரை சமையற்கட்டுக்கு அனுப்புகிற மாதிரி!

நான் பி.காம். படித்தவன். கணக்குப்பதிவியலில் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். கம்பெனி ஒரு இயந்திரம் வாங்குகிறது. அதைக் கொண்டு வருகிற வண்டிக்கூலி, பொருத்துகிற கூலி, ஓட்டிப் பார்க்கிற செலவு எல்லாவற்றையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். பொருத்தாத இயந்திரம் வெறும் இரும்பு. இந்தப் பாடத்தை வருஷாவருஷம் நடத்துகிற வணிகவியல் துறையே, தன் துறைக்கு வருகிற ஆளைப் பொருத்துகிற செலவுக்கு ஒரு பைசா ஒதுக்குவதில்லை.

விதி இல்லையா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில் புதிய உதவிப் பேராசிரியர்களுக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சி உண்டு. வகுப்பு எடுக்கத் தொடங்குமுன் நடந்தால் உத்தமம். இல்லாவிட்டால் சேர்ந்த ஒரு வருஷத்துக்குள். 2019-ல் ‘குரு தக்ஷதா’ என்று இதற்கென்றே ஒரு கையேடும் வந்தது. நிர்வாக அமைப்பு, பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, மதிப்பீடு என்று வரிசையாகப் போகிறது. ஆசிரியரின் மனநலம் பற்றிக்கூட இருக்கிறது. மோசமான கையேடு என்று சொல்ல மாட்டேன்.

கோளாறு எங்கே என்றால், அந்த ‘ஒரு வருஷத்துக்குள்’ என்ற சலுகையில். நம் ஊரில் உத்தமத்தை விட்டுவிட்டு, இல்லாவிட்டாலைத்தான் பிடித்துக்கொள்வோம். ஒரு வருஷத்துக்குள் இரண்டு செமஸ்டர் முடிந்துவிடும். அந்த எழுபது பேர் இரண்டாம் வருஷத்துக்குப் போயிருப்பார்கள். டெபிட் எது, கிரெடிட் எது என்று முதல் மாசத்தில் குழம்பின பையன் கடைசி வரை குழம்பிக்கொண்டேதான் இருப்பான். அவன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவனாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் கிடையாது. அவனுக்கு இந்தப் பயிற்சியால் என்ன லாபம்?

இன்னொன்று, பயிற்சியைப் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டது. முதல் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற 21 நாள் ஓரியன்டேஷன் சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள். ஆகவே, வகுப்புக்குத் தேவை என்று போகிறவரைவிட ஃபைலுக்குத் தேவை என்று போகிறவர்தான் அதிகம். நாலு வருஷம் வகுப்பெடுத்துப் பழகிய பிறகு, வகுப்பெடுப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதற்கென 1987-லிருந்து தொடங்கிய அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள், பிறகு மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆகி, 2023-ல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாகப் பெயர் மாறின. போர்டு எழுதுகிறவருக்கு நல்ல வேலை.

அதைவிட வேடிக்கை: மாணவர்களுக்கு ‘தீக்ஷாரம்ப்’ என்று வரவேற்பு நிகழ்ச்சித் திட்டம் உண்டு. அதுவும் 2019-ல் வந்ததுதான். மேடை போட்டு, வளாகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நல்ல விஷயம். சுற்றிக் காட்டும் பொறுப்பை யாரிடம் விடுகிறார்கள் தெரியுமா? பல இடங்களில், போன வாரம் சேர்ந்த புது ஸ்டாஃபிடம். அவருக்கே பாத்ரூம் எங்கே என்று தெரியாது!

சரி, நிரந்தர வேலைக்காரர்களுக்காவது இந்தப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர்கள்? பெயரில்தான் எத்தனை மரியாதை! இங்கிலீஷில் ‘கெஸ்ட்’, தமிழில் ‘கௌரவ’. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்போம்; இங்கே டைம் டேபிள் கொடுக்கிறோம். யு.ஜி.சி. 2019-ல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்றது. தமிழக அரசுக் கல்லூரிகளில் அதில் பாதியைத் தாண்டாமலே பல வருஷம் ஓடியது. இவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. ஆகவே சர்ட்டிபிகேட் தேவையில்லை. ஆகவே பயிற்சிக்கு அனுப்பவும் யாருக்கும் அவசியமில்லை. சுயநிதிக் கல்லூரிகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கூடுதலாக மே மாதம் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க பஸ் ஏற வேண்டும்.

எல்லா இடமும் அப்படி என்று சொன்னால் பாவம். புதிதாக வந்தவரைத் தன் வகுப்பில் ஒரு வாரம் பின்பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பிறகு அவர் வகுப்பில் தான் போய் உட்காருகிற துறைத்தலைவர்களை எனக்குத் தெரியும். அதற்கு விடுதி வேண்டாம், பயணப்படி வேண்டாம், கையேடு வேண்டாம். கேட்கிற கேள்விக்கு எரிந்து விழாமல் பதில் சொல்ல ஒரு ஆள் போதும். மாசம் முழுக்க வெளியூரில் பயிற்சி எடுத்துவிட்டு அதே ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்புகிறவருக்கு அந்த ஆள் இல்லையென்றால் எடுத்த பயிற்சி நோட்டுப் புத்தகத்தோடு போச்சு.

செய்ய வேண்டியது ஒன்றும் பிரமாதமில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது கணக்கு. முதல் செமஸ்டரில் அதை 12 ஆக்குங்கள். நாக் ஃபைலைத் தலையில் கட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வருஷ வகுப்பைத் துறையிலேயே நன்றாகப் பாடம் நடத்துகிற சீனியரிடம் கொடுங்கள். ஆள் அதிகம், சத்தம் அதிகம், அடிப்படையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காகத்தானே அதை ஜூனியர் தலையில் தள்ளுகிறீர்கள்? அதே காரணங்களுக்காகத்தான் அது சீனியருக்குப் போக வேண்டும்.

இதை ஒரு ஓய்வுபெற்ற பிரின்சிபாலிடம் சொன்னேன். சிரித்தார். “ஃபர்ஸ்ட் இயர் எடுங்கன்னு சீனியர்ட்ட சொன்னா, மறுநாள் சங்கத்துலேர்ந்து ஆள் வரும் சார். ஜூனியர்னா வராது.”