ஒரு கண்ணோடு கார் பந்தயம்

ரெட்டினோபிளாஸ்டோமா எனும் விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் வந்துவிடும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னுவதைக் கண்டுதான் பல பெற்றோர் டாக்டரிடம் ஓடுகிறார்கள். கட்டி முற்றியிருந்தால், உயிரைக் காக்கக் கண்ணையே எடுத்துவிடுவதுண்டு. அப்படிப் பிழைத்த பிள்ளை வளர்ந்து பந்தயக் காரில் உட்கார ஆசைப்பட்டால், ஒற்றைக் கண்ணால் தூரத்தைக் கணிக்க முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

முடியும். இரு கண்களும் தரும் சற்றே மாறுபட்ட காட்சிகளை மூளை ஒப்பிட்டு ஆழத்தை உணர்வது, ஊசியில் நூல் கோக்கும் தூரத்தில்தான் மிகக் கூர்மை. தூரம் கூடக் கூட அதன் பயன் வேகமாகக் குறையும். பந்தய ஓட்டுநரின் பார்வையோ நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பிரேக் பிடிக்கும் இடத்தைக் காட்டும் பலகை எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது, தடத்தின் ஓரங்கள் எங்கே குவிகின்றன, எந்தக் கார் எதை மறைக்கிறது என்பவையே அங்கே அளவுகோல். இவற்றுக்கு ஒரு கண் போதும்.

இழந்த வயதும் முக்கியம். மழலையில் கண்ணை இழந்தவரின் மூளை இந்த அளவுகோல்களை வைத்தே வளர்கிறது. 1971-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஹெல்முட் மார்கோவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1972 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில், முன்னே போன கார் கிளப்பிய கல் ஹெல்மெட் கண்ணாடியைத் துளைத்து இடக்கண்ணைப் பறித்தது. 29 வயதில் அவரது ஓட்டுநர் வாழ்க்கை முடிந்தது. வளர்ந்தபின் பழகவே முடியாது என்பதும் இல்லை. 1961-ல் கார் விபத்தில் வலக்கண் பார்வை போன கிரிக்கெட் வீரர் பட்டோடி, 1962 ஜனவரியில் சென்னை டெஸ்டில் சதம் அடித்தார். கார் பந்தயத்திலேயே பார்த்தால், ஒரு கண்ணில் பார்வையில்லாத டாமி மில்டன்தான் இண்டியானாபொலிஸ் 500-ஐ இருமுறை வென்ற முதல் ஆள் (1921, 1923).

உண்மையான சிக்கல் பக்கவாட்டில். இரு கண்களோடு ஏறக்குறைய 190 பாகை வரை விரியும் பார்வை, ஒற்றைக் கண்ணுக்கு 150 பாகை அளவில் நின்றுவிடுகிறது, மூக்கே சுவர். ஹெல்மெட்டும் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியும் தலையை முழுதாகத் திருப்ப விடுவதில்லை. கடிகாரச் சுற்றில் ஓடும் தடங்களில் வலப்பக்க வளைவுகளே அதிகம் என்பதால், வலக்கண் இல்லாதவருக்கு வளைவின் உட்புறமும் அங்கே மூக்கை நுழைக்கும் எதிராளியும் தாமதமாகவே தெரிவர். கண்ணாடிகளைத் தன் வசதிக்கு அமைத்துக்கொள்வது பாதி தீர்வு. ரேடியோவில் பக்கத்துக் காரைச் சொல்லும் ஸ்பாட்டர், அமெரிக்க ஓவல் பந்தயங்களில் ஏற்கெனவே உண்டு.

அதிகம் பேசப்படாதது ஹாலோ. 2018-ல் ஃபார்முலா 1-க்கு வந்த இந்தக் காப்பு வளையத்தின் நடுத்தூண் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே நிற்கிறது. அதன் அகலம் இரு கண்களுக்கும் இடையிலான தூரத்தைவிடக் குறைவு. ஒரு கண்ணுக்கு மறைவதை மறு கண் பார்த்துவிடுவதால் மற்ற ஓட்டுநர்களுக்குத் தூண் இருப்பதே மறந்துபோகும். ஒற்றைக் கண்ணருக்கு அது தடத்தில் ஒரு கீற்றை மறைத்துக்கொண்டே வரும். உயிர்காக்கும் கருவிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஹாலோ பொருத்திய ஒற்றை இருக்கைக் கார்களைவிடக் கூரையுள்ள கார்கள் இவர்களுக்கு ஏற்றவை.

மிஞ்சிய கண்ணைக் காப்பது அடுத்த கவலை. 2009-ல் ஹங்கேரியில் முன்காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஃபெலிப்பே மாஸாவின் இடக்கண்ணுக்கு மேலே தாக்கியது, பார்வை தப்பியது. அதன் விளைவாக 2011-ல் ஃபார்முலா 1 ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி மேல்விளிம்பில் சைலான் எனும் உறுதியான இழையால் ஆன பட்டை கட்டாயமானது. ஒரே கண்ணுள்ளவருக்கு அத்தகைய பாதுகாப்பின் மதிப்பு இரட்டிப்பு.

லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனையைத் தாண்டினாலும் எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நெருக்கியடித்து ஓடும் சர்க்யூட் பந்தயத்தைவிட ராலி பொருந்தும். அங்கே கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன, போட்டி கடிகாரத்தோடு. அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்பதைப் பக்கத்து இருக்கையில் உள்ள துணை ஓட்டுநர் குறிப்பேட்டைப் பார்த்து முன்கூட்டியே வாசித்துவிடுகிறார்.