வன்தட்டை வரையும் கலை

எழுதவும் கணக்குப் போடவும் படம் பார்க்கவும் உதவும் மென்பொருள்கள் ஒரு வகை என்றால், கோப்புகளைச் சுருக்குவது, தேடுவது, வன்தட்டைத் துப்புரவு செய்வது என்று கணினியைப் பேணுவதற்காகவே எழுதப்பட்ட பயன்பாட்டுக் கருவிகள் இன்னொரு வகை. அழகை நாடி இந்த இரண்டாம் வகையிடம் எவரும் செல்வதில்லை. இடம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும் நாளில்தான் அவற்றின் நினைவு வருகிறது. ஆயினும் அவற்றுள் ஒன்று, வன்தட்டின் இடம் எங்கெங்கே போயிற்று என்பதை ஒரே படமாக வரைந்து காட்டும் கருவி, நின்று ரசிக்கத்தக்க ஒரு வரைகலையைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

விண்டோஸின் கோப்புப் பட்டியல் ஒவ்வொரு கோப்பின் அளவையும் தனி நிரலில் தெரிவிக்கும். ஆனால் கோப்புறைக்கு எதிரே அந்த நிரல் வெற்றிடமாகவே இருக்கும். ஒவ்வொரு கோப்புறையின் பண்புகளையும் தனித்தனியே திறந்து பார்த்து, பெரியதற்குள் இறங்கி, அதற்குள் மறுபடி பெரியதைத் தேடி, மேலே வந்து இன்னொன்றுக்குள் புகுந்து பார்ப்பவருக்கு உறுப்புகள் தெரியவருமே தவிர முழு உடல் கண்ணில் படாது. 1990இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் எதிர்கொண்டதும் இந்தச் சிக்கலைத்தான். அவருடைய ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்டிருந்த 80 மெகாபைட் வன்தட்டு நிரம்பிவிட, யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார்கள், எதை அழிக்கலாம் என்று கண்டறிய வேண்டியிருந்தது. கிளை பிரிந்து செல்லும் மரமாக வரைந்தால் படம் திரைக்குள் அடங்கவில்லை. அடங்கிய வடிவங்களோ நடுநடுவே வெற்றிடம் விட்டன. திரை முழுவதையும் ஒரே செவ்வகமாகக் கொண்டு, முதல் நிலைக் கோப்புறைகளுக்காக அதை நெடுக்காகவும், அவற்றுக்குள் இருப்பவற்றுக்காகக் குறுக்காகவும், அடுத்த நிலைக்கு மறுபடி நெடுக்காகவும் பிரித்துக்கொண்டே போகலாம் என்பதும், ஒவ்வொரு துண்டின் பரப்பும் அதற்குரிய கோப்பின் அளவுக்கு நேர்விகிதமாக இருக்கும் என்பதும் அவர் கண்ட வழி. மரத்தின் அமைப்பைப் பரப்பாக மாற்றும் இந்தப் படத்துக்கு மரவரைபடம் என்று பெயர்.

கருத்து அழகானது, படம் அவ்வளவு அழகாக இல்லை. ஒரே கோப்புறையில் பல கோப்புகள் இருந்தால், அவையெல்லாம் ஒரே திசையில் வெட்டப்பட்டு ஈர்க்குச்சிகளைப் போல மெலிந்து நின்றன. நீண்ட மெல்லிய துண்டையும் சதுரத்தை ஒத்த துண்டையும் பக்கத்தில் வைத்து எது பரப்பில் பெரியது என்று கேட்டால் கண் எளிதில் தடுமாறும். ஆகவே பரப்பை அளவுகோலாகக் கொண்ட படத்துக்கு இது ஒப்பனைக் குறை மட்டுமன்று, அடிப்படைக் குறை.

அதைத் தீர்த்தவர்கள் நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ப்ரூல்ஸ், கேஸ் ஹாய்சிங், யார்க்கே ஃபான் வைக் ஆகிய மூவர். 2000இல் அவர்கள் வெளியிட்ட முறையை, அவர்களே எடுத்துக்கொண்ட எளிய கணக்கைக் கொண்டு பின்தொடர்வதே அதன் நயத்தை உணர்வதற்குச் சிறந்த வழி. 6 அலகு அகலமும் 4 அலகு உயரமும் கொண்ட செவ்வகத்தில் 6, 6, 4, 3, 2, 2, 1 என்ற அளவுகளில் ஏழு கோப்புகளை அடுக்க வேண்டும். பழைய முறைப்படி நெடுக்காக வெட்டிக்கொண்டே போனால், கடைசிக் கோப்புக்குக் கால் அலகு அகலமும் 4 அலகு உயரமும் கிடைக்கும். நீளம் அகலத்தைப்போல் 16 மடங்கு. புதிய முறை பெரியதிலிருந்து தொடங்கி, குறுகிய பக்கத்தை ஒட்டியே கோப்புகளை வைக்கிறது. முதல் 6 இடது ஓரத்தில் ஒன்றரை அகலம், 4 உயரம் என்று ஒல்லியாக நிற்கிறது. இரண்டாவது 6 அதே வரிசையில் சேர்ந்தவுடன் இரண்டும் 3 அகலம், 2 உயரம் என்று திருத்தமான வடிவம் பெறுகின்றன. மூன்றாவதாக 4ஐயும் அங்கேயே நுழைத்தால் அது 4 அகலமும் 1 உயரமுமாகத் தட்டையாகிவிடும் என்பதால், அந்த வரிசை அத்துடன் முடிக்கப்பட்டு, மிஞ்சிய இடத்தில் புது வரிசை தொடங்குகிறது. சேர்த்தால் வடிவம் செம்மையாகுமா, கெடுமா என்ற ஒரே கேள்வி ஒவ்வோர் அடியிலும் கேட்கப்படுகிறது. ஏழு கோப்புகளும் அமர்ந்தபின் பார்த்தால், மிக மோசமான துண்டில்கூட நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கை எட்டவில்லை. திரும்பிப் பார்த்துத் திருத்தாமல், வைத்ததை வைத்தபடி விட்டு முன்னேறும் ஒரு கணக்கு இத்தனை சீரான படத்தைத் தருவது வியப்புக்குரியது.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1999இல், ஃபான் வைக்கும் ஹூப் ஃபான் டி வெட்டரிங்கும் வேறொரு நுட்பத்தைச் சேர்த்திருந்தனர். எந்தக் கோப்பு எந்தக் கோப்புறைக்குள் அடங்கியது என்பதைக் காட்டச் சுற்றிலும் கோடு போட்டால், நிலைக்கு ஒரு கோடு வீதம் இடம் போய்விடும். சின்னக் கோப்புகளுக்கோ ஓரிரு படப்புள்ளிகளே கிடைக்கின்றன. அவர்கள் கோடுகளை விலக்கிவிட்டு ஒளியை அழைத்தார்கள். ஒவ்வொரு செவ்வகமும் நடுவில் மெல்லப் புடைத்த திண்டாகக் கற்பனை செய்யப்பட்டு, அதன்மீது ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுவதாகக் கணக்கிடப்படுகிறது. வெளி நிலையின் புடைப்பு பெரிதாகவும் உள்ளே செல்லச் செல்லச் சிறிதாகவும் இருப்பதால், உடன்பிறந்த கோப்புகளுக்கிடையே மெல்லிய நிழலும், வெவ்வேறு கோப்புறைகளுக்கிடையே ஆழ்ந்த பள்ளமும் தோன்றுகின்றன. ஒரு படப்புள்ளியைக்கூடச் செலவிடாமல் உறவுமுறையைச் சொல்லிவிடும் இந்த நிழல்தான், இக்கலையின் உச்சம் என்று கொள்ளத்தக்கது.

இவ்விரு நுட்பங்களையும் ஐண்ட்ஹோவனின் சிக்கோயாவியூ என்ற கருவி முதலில் இணைத்துத் தந்தது. விண்டோஸ் பயனர்களிடையே பரவலாக அறியப்பட்டிருப்பது 2003இல் வெளிவந்த, கட்டணமற்ற வின்டிர்ஸ்டாட். மேலே அளவு வாரியான கோப்புறைப் பட்டியல், அதன் அருகில் கோப்பு வகைகளின் நிறப்பட்டியல், கீழே மரவரைபடம் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதத்தில் இதன் மேன்மை இருக்கிறது. படத்தில் ஒரு திண்டைச் சொடுக்கினால் மேலே பட்டியல் தானாக விரிந்து அந்தக் கோப்பில் போய் நிற்கிறது. பட்டியலில் ஒரு கோப்புறையைத் தேர்ந்தால் படத்தில் அதன் எல்லையைச் சுற்றி வெண்கோடு எழுகிறது. கணினியை உறக்கநிலைக்கு அனுப்பும்போது நினைவகத்திலிருப்பதைச் சேமித்துவைக்கும் ஹைபர்ஃபில்.சிஸ் என்ற ஒற்றைக் கோப்பு, பட்டியல்களில் வழக்கமாக மறைந்திருப்பது, இங்கே அகன்ற ஒரே திண்டாக அமர்ந்திருப்பதை முதல் பார்வையிலேயே காணலாம்.

துண்டுகளைச் சதுரத்துக்கு நெருக்கமாக்கும் செம்மைக்குக் கொடுத்த விலையும் உண்டு. கோப்புகள் அளவு வரிசையில் அமர்வதால் பெயர் வரிசை அழிந்துபோகிறது. ஒரு பெரிய கோப்பை நீக்கிவிட்டு மறுபடி வரைந்தால், பக்கத்துத் திண்டுகள் பழைய இடத்தில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஷ்னைடர்மனின் முதல் முறை அழகில் குறைந்தது என்றாலும், வரிசையைக் காப்பதில் இதைவிட நம்பகமானது. இதே வேலைக்கு வேறு கருவிகளும் உண்டு. கோப்புறை கோப்புறையாக நுழைந்து அளவெடுக்காமல், என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை கொண்ட வட்டின் முதன்மைக் கோப்பு அட்டவணையை நேரே வாசித்துவிடும் விஸ்ட்ரீ மிக வேகமாக இயங்குகிறது. அளவெடுக்கும்போதே படத்தை வளர்த்துக்காட்டும் ஸ்பேஸ்ஸ்னிஃபர் ஒவ்வொரு பெட்டியிலும் பெயரையும் அளவையும் எழுதிவைக்கிறது. அவசரமாக ஒரு கோப்பைத் தேடுபவருக்கு அது பேருதவி என்றாலும், ஒளியால் விலக்கப்பட்ட எல்லைக் கோடுகள் எழுத்தோடு சேர்ந்து அதில் திரும்பி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வின்டிர்ஸ்டாடின் படத்திலோ ஓர் எழுத்தும் கிடையாது. சுட்டியை எந்தத் திண்டின்மேல் வைத்தாலும் அதன் முழு முகவரி சாளரத்தின் அடிவரியில் தோன்றுகிறது.