முதுபெரும் தந்தையின் அத்தை

'பேட்ரியார்க்கி' என்ற சொல்லுக்கு வகுப்பறையில் ஆணாதிக்கம், தந்தையதிகாரம், தந்தைவழிச் சமூகம் என்று ஆளுக்கொரு தமிழ்ச்சொல் வைத்திருக்கிறோம். அதன் அடியில் இருக்கும் 'பேட்ரியார்க்' நமக்குப் பெரும்பாலும் ஒரு கருத்து மட்டும்தான். கீழைத் திருச்சபைகளில் அது இன்றும் ஒரு பதவி. அங்கியும் செங்கோலும் முத்திரையும் தரித்த ஒரு மனிதர் அந்தப் பெயரில் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'முதுபெரும் தந்தை' என்கிறார்கள். கிரேக்க மூலத்தில் 'பத்ரியா' குலத்தையும் 'ஆர்க்கே' தலைமையையும் குறிக்கும். ஆனால் இந்தக் குலத்தலைவருக்கு மனைவியும் கூடாது, பிள்ளையும் கூடாது. பெண்ணைத் தொடாமல் ஒரு குலத்துக்குத் தந்தையாவது எப்படி? இந்தக் கேள்விக்கு விசித்திரமான ஒரு விடையைப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து காட்டியது கிழக்குத் திருச்சபை. அந்த விடைக்குள் ஓர் அத்தை இருக்கிறார். அவரைப் பற்றி எழுதப்பட்டவை எனக்கு நிறைவு தரவில்லை.

பழைய பாரசீகப் பேரரசில் வேர்விட்ட சபை இது. 'நெஸ்தோரியர்' என்பது மற்றவர்கள் ஒட்டிய பெயர். இவர்களும் தொடக்கத்தில் திருமணத்துக்கு அஞ்சியவர்கள் அல்லர். 486இல் செலூக்கியாவில் கூடிய சபை மன்றம் குருக்கள் மணமுடிக்கலாம் என்றது. 497இல் மன்றத்தைக் கூட்டிய தலைவர் பாபாய், மணமானவர். அடுத்து வந்த ஷீலாவுக்கும் குடும்பம் இருந்தது. மனைவி மக்களுக்காகச் சபையின் சொத்தைக் கரைத்தவர், மகளின் கணவர் எலிஷாவை வாரிசாக்கப் பார்த்தவர் என்று வரலாற்றேடுகள் அவரைச் சாடுகின்றன. எலிஷாவுக்கு எதிராக நர்சாய் என்பவரை இன்னொரு கூட்டம் உயர்த்த, சபை பல ஆண்டுகள் இரண்டாகக் கிடந்தது. இதையெல்லாம் கண்ட மார் ஆபா 544இல் ஆயர்களும் தலைவரும் மணமுடிக்கக் கூடாது என்று கதவை அடைத்தார். ஞானத்தைவிடச் சொத்துதான் அந்த விதிக்குக் காரணம் என்று நான் படிக்கிறேன். மனைவி என்பவள் இங்கே காமத்தின் உருவம் அல்லள். பங்கு கேட்கக்கூடிய ஓர் ஆள்.

அடைத்த கதவுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் நான்காம் ஷிமுன் காலத்தில், தலைமை ஒரே குடும்பத்துக்குள் பெரியப்பா அல்லது சித்தப்பாவிடமிருந்து உடன்பிறந்தான் மகனுக்குப் போவது வழக்கமாக உறுதிப்பட்டது. அடுத்து வரவேண்டிய பையனை 'நாட்டர் குர்சியா' என்றார்கள். அரியணைக் காவலன் என்று பொருள். இந்த முறையை எதிர்த்து 1552இல் ஒரு பிரிவினர் யோஹன்னான் சுலாகா என்ற துறவியைத் தேர்ந்து ரோமுக்கு அனுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் வழியில் வந்தவர்களே பின்னர் ரோமை விட்டு விலகி, இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் ஹக்காரி மலைகளில் குட்ஷானிஸ் என்ற ஊரில் அமர்ந்து, அதே குடும்ப வாரிசுமுறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்த்துப் பிரிந்தவர்கள் எதிர்த்ததையே கட்டிக் காப்பது சபைகளுக்கு மட்டும் உரிய குணம் அல்ல என்பதைத் தமிழ்நாட்டு வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கில நூல்கள் இந்த வாரிசை 'நெஃப்யூ' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகின்றன. அந்தச் சொல் விஷயத்தை மூடிவிடுகிறது. தமிழ் உறவுமுறை திறந்துகாட்டுகிறது. நம்மிடம் ஓர் ஆணுக்கு அண்ணன் தம்பி பிள்ளை, மகன். அவன் இவரைப் பெரியப்பா, சித்தப்பா என்று 'அப்பா' சேர்த்துத்தான் கூப்பிடுவான். சகோதரியின் பிள்ளைதான் மருமகன். ஆகவே குட்ஷானிஸில் நடந்ததை மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று யாராவது எழுதினால் அது தவறு. கவிமணியின் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' படித்தவர்களுக்கு அந்த முறை தெரியும். அங்கே சொத்து சகோதரியின் பிள்ளைக்குப் போனது. கட்டிக்கொண்டுவந்த மனைவி கையறு நிலையில் புலம்பினாள். அந்த முறையில் அநீதி இருந்தது. ஆனாலும் வம்சம் சகோதரியின் வயிற்றின் வழியே ஓடியது. ஹக்காரியில் அதுவும் இல்லை. அங்கே தலைவருக்கு மனைவி இல்லை, ஆனால் மகன் உண்டு. பெறுவதற்குத் தம்பியின் மனைவி இருக்கிறாள். பெற்றவள் தந்தையின் மனைவி அல்லாததால் எதையும் கேட்க முடியாது. ஷீலாவின் மனைவி எழுப்பிய சிக்கல் இப்படித் தீர்க்கப்பட்டது.

அந்தத் தாய்மேல் சுமத்தப்பட்ட நோன்பையும் பார்க்க வேண்டும். முதுபெரும் தந்தை வாழ்நாள் முழுவதும் இறைச்சி உண்ணக் கூடாது. அவரைச் சுமந்தபோது தாயும் உண்டிருக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு போன மிஷனரிகள் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது விவிலியத்தின் நசரேய விரதத்தை நினைவூட்டும் அழகிய பழமை. பால் மட்டுமே பெரிய ஆதாரமாக இருந்த, குளிர்காலத்தில் பாதைகள் அடைபடும் மலையூரில், வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாமலே ஒருத்தி பட்டினிக்குப் பக்கத்தில் வாழ்ந்தாள் என்று நான் அதைப் படிக்கிறேன். பெண் பிறந்தால் அந்த நோன்புக்கு என்ன கணக்கு? வழக்கத்தில் அதற்கு இடமே இல்லை.

1883இல் அந்த வீட்டில் பிறந்தவர் சுர்மா. குட்ஷானிஸில் தங்கியிருந்த ஆங்கிலிக்க மிஷனரி வில்லியம் பிரௌன் அவருக்கு ஆங்கிலமும் கல்வியும் தந்தார். தம்பி பென்யாமின் 1903இல் பதினாறு வயதளவில் முதுபெரும் தந்தையானபோது சுர்மாவுக்கு இருபது. மணமுடிக்காமல் வீட்டிலேயே இருந்தார். விருந்தினரை எதிர்கொண்டார், தூதுகளைப் படித்தார், ஆலோசனை சொன்னார். போர் வந்தது. 1915இல் மலைமக்கள் துரத்தப்பட்டு ஊர்மியாச் சமவெளிக்கு இறங்கினார்கள். 1918 மார்ச் 3 அன்று, பேச்சுவார்த்தைக்கு அழைத்த குர்தியத் தலைவன் சிம்கோவின் ஆட்கள் பென்யாமினைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த தம்பி பவுலோஸ் பதவிக்கு வந்தார். அந்தக் கோடையில் ஊர்மியாவிலிருந்து ஹமதானுக்குப் பேரோட்டம், வழியெங்கும் சாவு. பாக்தாத்துக்கு வடக்கே பாகுபாவில் பிரிட்டிஷார் அடித்த கூடாரங்களில் ஏறத்தாழ 50,000 அகதிகள் கிடந்தார்கள். 1920இல் பவுலோஸும் நோயில் இறந்தார். அந்த ஜூனில் கூடார முகாமிலேயே இன்னொரு தம்பியின் மகன் எஷாயை அபிஷேகம் செய்தார்கள். அவனுக்கு வயது பன்னிரண்டு.

அப்போது சுர்மாவுக்கு முப்பத்தேழு. முந்தைய ஆண்டு சமாதான மாநாட்டுக் காலத்தில் தன் மக்களுக்காகப் பேச லண்டன் போனவர் அவர். அவரை வரவேற்ற ஆங்கிலப் பெண்களில் முப்பது தாண்டியவர்களே வாக்குரிமை பெற்றிருந்தார்கள். அவர்களும் நாடாளுமன்றத் தேர்தலில் ஒரே ஒரு முறைதான் வாக்களித்திருந்தார்கள். ஒரு மக்களின் குரலாக அவர் அரசியல்வாதிகளைச் சந்தித்தார். ஆனால் அந்த மக்களின் தலைவராக ஒரு சிறுவன்தான் முடியும்.

லண்டனில் 1920இல் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. பதிப்பித்தவர் மிஷனரி விக்ரம். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'அசிரியத் திருச்சபை வழக்கங்களும் மார் ஷிமுனின் கொலையும்'. முதலில் சடங்குகள், பிறகு போரும் கொலையும். அட்டையில் ஆசிரியர் பெயர் சுர்மா த பைத் மார் ஷிமுன், அதாவது மார் ஷிமுன் வீட்டுச் சுர்மா. கணவன் பெயர் இல்லை, தந்தை பெயரும் இல்லை; அரியணையின் பெயர். வழக்கங்களையும் கொலையையும் ஒரு 'உம்'மையால் கட்டிய அந்தத் தலைப்பை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கொல்லப்பட்டவர் தம்பி. அந்தச் சொல் தலைப்பில் இல்லை. சபையைப் பற்றிச் சொல்லி முடித்தபிறகே சபையின் தலைவன் என்ற பெயரில் அவனுக்காக அழ முடிகிறது. அக்காவின் துக்கத்துக்கு ஐரோப்பாவில் சந்தை இல்லை, பண்டைய திருச்சபைக்கு உண்டு என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார் என்று படுகிறது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மனு எழுதத் தெரிந்த பெண்ணின் கூர்மை அது.

அதன்பின் அவரை மூன்று விதமாக எழுதினார்கள். மிஷனரிகளுக்கு அவர் மலைநாட்டு அரசி. 1933க்குப் பிந்தைய பிரிட்டிஷ் அதிகாரிகளின் எழுத்தில் அவர் இளம் தலைவனைப் பின்னாலிருந்து ஆட்டுவித்த அத்தை. இப்போது, மறக்கப்பட்ட பெண் தலைவர்கள் என்ற வரிசைகளில் நம் பக்கத்துப் பெண்களும் அவரைச் சேர்க்கிறார்கள். முதல் இரண்டையும் நாம் எளிதில் தள்ளிவிடலாம். 1933இல் சமூக அதிகாரத்தைக் கைவிடுவதாக எழுதித் தரும்படி எஷாயிடம் ஈராக் அரசு கேட்டது, அவர் மறுத்தார், பாக்தாத்தில் தடுத்துவைக்கப்பட்டார். ஆகஸ்டில் சிமெலேயில் ராணுவம் நிராயுதபாணிகளான அசிரிய ஆண்களைக் கொன்றது. குடியுரிமை பறிக்கப்பட்டு அவர் சைப்ரஸுக்கு அனுப்பப்பட்டார். இத்தனைக்கும் ஓர் அத்தையின் பிடிவாதத்தைக் காரணம் காட்டுவது, வாக்குறுதி தந்து ஆட்களைப் படையில் சேர்த்துப் பிறகு கைகழுவிய பேரரசுக்கு வசதியான விளக்கம். ஷீலாவின் குடும்பத்தைக் குறை சொன்ன அதே பேனா, ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து.

மூன்றாவது வாசிப்போடுதான் எனக்கு வழக்கு. சுர்மாவை 'அதிகாரம் செலுத்திய பெண்' என்று கொண்டாடும்போது அந்த அதிகாரம் எதனால் ஆனது என்று கேட்காமல் விடுகிறோம். இறந்துபோன தலைவர்களுக்கு எஷாய் மகன். சுர்மாவுக்கு அவன் மருமகன். நம் முறையில் பெரியம்மாவிலும் சின்னம்மாவிலும் 'அம்மா' இருக்கிறாள், அத்தையில் இல்லை. பிறந்த வீட்டில் குரல் உண்டு, வீடு அவளுடையது அல்ல. அவள் மணமுடித்துப் போயிருந்தால் அவள் பெற்ற மகனுக்கு அரியணையில் வழக்கமான உரிமை இல்லை. அவளுக்கும் அந்த வீட்டில் சொல் இல்லை. இரண்டையும் விட்டுக்கொடுத்துத்தான் சுர்மா அந்த வீட்டின் சொல்லைப் பெற்றார். பெற்ற சொல்லை எதற்குச் செலவிட்டார்? எந்த முறை தன்னை அத்தையாக மட்டும் வைத்ததோ, அதைச் சிதறிப்போன மக்களிடையே சிதறாமல் கொண்டுசேர்க்க. அரியணைக் காவலன் என்ற பட்டம் பையன்களுக்குரியது. காவல் காத்தது அவர்தான். படுகொலையிலிருந்து தப்பிய ஒரு மக்களுக்கு அந்த அரியணை தவிர வேறு கூரை இல்லை என்பதையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும். அதனால் அவரைத் துரோகி என்று எழுதவும் எனக்குக் கை வராது. நாயகி, துரோகி என்ற இரண்டு பெட்டிகளோடு போனால் வரலாற்றில் பாதிப் பெண்கள் வெளியே நிற்பார்கள்.

இந்த வாரிசுச் சண்டை நமக்கு அருகிலும் வந்தது. திருச்சூரில் இச்சபையின் மக்கள் இருக்கிறார்கள். அங்கே மெத்ராப்போலீத்தாவாக இருந்த மார் தோமா தர்மோ, குடும்ப வாரிசுமுறையையும் நாட்காட்டி மாற்றத்தையும் எதிர்த்து 1964இல் எஷாயோடு முறித்துக்கொண்டார். 1968இல் பாக்தாத்தில் தனிப் பிரிவின் தலைவரானார். திருச்சூர்ச் சபை 1995 வரை இரண்டு கட்சியாக நின்றது. ஒரே குடும்பம் ஏன் ஆள வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆண்கள் மட்டும் ஏன் என்ற கேள்வி எந்தக் கட்சியின் வழக்கிலும் இடம்பெறவில்லை.

எஷாய் 1973இல் பதவி விலகி மணமுடித்தார். சபையில் பெரும் கலகம். 1975 நவம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம், அதே மாநிலத்தின் டர்லாக்கில், தொண்ணூற்றிரண்டு வயதில் சுர்மா இறந்தார். தம்பிகள் இருவரையும், வளர்த்த மருமகனையும் புதைத்த பிறகு.

1976இல் ஆயர்கள் கூடி மார் தின்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். குடும்ப வாரிசுமுறை முடிந்தது. 2021இல் வந்த மார் ஆவா சிகாகோவில் பிறந்தவர். தேர்ந்தெடுப்பவர்கள் ஆயர்கள், ஆயர்கள் ஆண்கள். பழைய வீட்டில் சமையற்கட்டுக்கும் சபைக்கூடத்துக்கும் நடுவே இருந்த அத்தையின் திண்ணையும் புதிய ஏற்பாட்டில் இல்லை.