முகப்போவியமும் வாக்குறுதியும்

வீடியோ விளையாட்டொன்றின் முகப்போவியம் முதலில் விளம்பரம்; பின்னரே ஓவியம். ஆடிப்பார்க்க வாய்ப்பில்லாத ஒருவரிடம் பணம் செலவிடுமாறு கேட்பது அது. ஆதலின் அதன் வெற்றியைத் தூரிகைத் திறனால் மட்டும் அளத்தல் பொருந்தாது. அது தரும் வாக்குறுதி யாது, அதனை ஆட்டம் நிறைவேற்றுகின்றதா என்பனவே திறனாய்வு எழுப்ப வேண்டிய வினாக்களாகும்.

1977இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘கொம்பாட்’ என்னும் ஆட்டத்திலே திரையில் தோன்றியவை கட்டங்களாலான சில எளிய உருவங்களே. பெட்டியின் மீதோ கிளிஃப் ஸ்போன் தீட்டிய யுத்த தாங்கிகளும் விமானங்களும் சீறிப் பாய்ந்தன. இதனைப் பொய்யெனத் தள்ளிவிடல் எளிது. ஆயினும் அக்கட்ட உருவம் ஆட்டத்தில் தாங்கியாகவே இயங்கிற்று. வெறுங்களரியைக் காடெனக் கொள்ளும் கூத்துப் பார்வையாளனைப் போன்று, ஆடுபவன் எஞ்சியதைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டான். அக்கற்பனைக்கு ஓவியம் திசை காட்டிற்று.

1987இல் வெளிவந்த ‘மெகா மேன்’ ஆட்டத்தின் அமெரிக்கப் பதிப்பு இதற்கு மறுதலையானது. ஆட்டத்தின் நாயகன் கையே துப்பாக்கியாக மாறும் இயந்திரச் சிறுவன். முகப்பில் நிற்பவனோ கைத்துப்பாக்கி ஏந்திய நடுவயது மனிதன். இங்கு நிகழ்ந்தது மிகைப்படுத்தல் அன்று, ஆள்மாறாட்டம்.

2001இல் வெளியான ‘ஈக்கோ’ இவ்வேறுபாட்டை மேலும் தெளிவுறுத்தும். அதன் இயக்குநர் ஊவெடா ஃபுமித்தோ, இத்தாலிய ஓவியர் ஜோர்ஜியோ டி கிரிக்கோவின் பாணியைத் தழுவி யப்பானியப் பதிப்புக்கான முகப்பைத் தாமே தீட்டினார். பெருங்கட்டடங்களின் நீண்ட நிழல்களிடையே இரு சிற்றுருவங்கள் கைகோத்து ஓடுகின்றன. சிறுமியொருத்தியின் கைபற்றிக் கோட்டையினின்று தப்பும் சிறுவனின் தனிமை அதில் முழுமையாக வெளிப்படுகின்றது. வட அமெரிக்கப் பதிப்போ சிறுவனின் முகத்தைப் பெரிதாக்கி அத்தனிமையைத் துறந்தது.

சந்தை பெருமுகங்களையே வேண்டும் என்பர் சிலர். வாங்குவோரின் இரசனையை முன்கூட்டியே தாழ்வாக மதிப்பிடும் வாதம் இது. தொரொன்றோவிலிருந்து 2023இல் வெளிவந்த ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதையை இட்லி, புட்டு முதலிய உணவுகளின் ஊடாகச் சொல்வது. அத்தகைய ஆட்டத்துக்கு வாளேந்திய வீரன் எத்துணை அழகுறத் தீட்டப்படினும் பயனில்லை.

இப்பிரச்சினை விளையாட்டுகளோடு அமைவதன்று. ஹந்தானையில் 1925இன் தொழிற்சாலைக் கட்டடமொன்று இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அச்சாரலிலும் பிற மலைகளிலும் விளையும் தேயிலையின் பொதிகளிலே கொழுந்து பறிக்கும் பெண் புன்னகைக்கக் காண்கிறோம். சுவை குறித்து அப்பொதி தரும் வாக்குறுதி மெய்யாகலாம். ஆயினும் நாட்சம்பளம் 1,000 ரூபா என்னும் கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர், 2021இலேயே வர்த்தமானி ஏறிற்று என்பதை அப்புன்னகை மறைத்துவிடுகின்றது. எனவே வாங்குபவருக்கு மட்டுமன்றி, தான் சித்திரிப்பவருக்கும் முகப்போவியம் நேர்மையாக இருத்தல் வேண்டும்.