தளிச்சேரியும் தீண்டாச்சேரியும்

பூம்புகாரில் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் கண்ணகியைக் கும்பிடுகிறார்கள், மாதவியை ரசிக்கிறார்கள். மாதவி கடலாடு காதையில் ஆடிய பதினோரு ஆடல்களில் கடைசியாக வருவது 'கடையம்'. கடைசியர் என்றால் மருத நிலத்து உழத்தியர். நம்ம பாஷையில் நடவுப் பொம்பளைங்க. வயலில் நின்று அந்த ஆட்டத்தை ஆடியவள் இந்திராணி என்கிறது காப்பியம். ஆட்டம் உழத்தியுடையது, பேர் தேவலோகத்துக்காரிக்கு. இது எப்படி நடக்கிறது என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாலசரஸ்வதியின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாலசரஸ்வதி 1918இல் சென்னையில் பிறந்தார். பேருக்கு முன்னால் இருக்கும் 'டி' அப்பன் பேரல்ல, தஞ்சாவூர். தஞ்சை அரண்மனையில் பாடி ஆடிய பாப்பம்மாள் வழியில் ஏழாவது தலைமுறை. பாட்டி வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் பாட, மகள் ஆடினார். தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல். அவர்களுக்கும் அதே 'டி'தான். அந்த வீட்டில் ஆண்கள் இருந்தார்கள், கலைஞர்களாகவே இருந்தார்கள். ஆனா வீடு நின்றது பெண் வழியில். சொத்தும் பாட்டும் பேரும் அம்மாவிடமிருந்து மகளுக்கு. பாலாவிடமிருந்து மகள் லட்சுமிக்கு, அவரிடமிருந்து பேரனுக்கு. கந்தப்பப் பிள்ளையிடம் கற்று 1925இல், ஏழு வயசில், காஞ்சிபுரத்தில் ஒரு அம்மன் கோயிலில் அரங்கேற்றம். 1957இல் பத்மபூஷண், 1961இல் தோக்கியோ, 1963இல் எடின்பரோ, 1973இல் சங்கீத கலாநிதி. 1976இல் சத்யஜித் ராய் அவரைப் படமெடுத்தார். 1984இல் காலமானார்.

இன்றைக்கு சபாக்காரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குகிறார்கள். சதிர் என்ற பேரை மாற்றி, ஆடும் பெண்ணையும் மாற்றி, 1930களில் அதைத் தங்கள் வீட்டுப் பெண்களுக்கான பரதநாட்டியமாக ஆக்கிக்கொண்டவர்கள் எந்தத் தெருக்காரர்கள்? ஒரு சாதியின் கையிலிருந்த தொழிலை இன்னொரு சாதி வாங்கிக்கொண்டு, பழைய கைகளில் ஒன்றை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவதற்குப் பேர் நினைவுகூர்தல் இல்லை.

பாலாவே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், இந்த ஆட்டத்தில் புதுசாகச் சுத்தம் பண்ண ஒன்றுமில்லை என்ற கருத்தைத் திடமாக வைத்தார். சிருங்காரத்தை எடுத்துவிட்டு பக்தியை வைக்கலாம் என்றவர்களுக்கு அவர் கொடுத்த மறுப்பு அது. அசிங்கம் என்று ஊர் சொன்னதையே தலைநிமிர்ந்து தன்னுடையது என்று சொன்ன அந்தத் துணிச்சல் நமக்கு அந்நியமானதல்ல.

ஆனால் அதே உரையில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கச்சேரியின் வரிசையை அவர் கோயிலாகக் கட்டிக் காட்டுகிறார். அலாரிப்பு கோபுர வாசல், ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள், பதம் கருவறையின் அமைதி. அழகான உவமைதான். படிக்கிற நமக்கு முதல் படியிலேயே கால் தட்டுகிறது. அவர் அரங்கேறிய 1925இல் நம்ம சனம் எந்தக் கோபுர வாசலைத் தாண்டியது? தஞ்சைப் பெரிய கோயில் நமக்குத் திறந்ததே 1939இல்தான்.

அந்தப் பெரிய கோயில் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்வோம். சோழநாட்டுக் கோயில்களிலிருந்து நானூறு பெண்களைக் கொண்டுவந்து ராஜராஜன் குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடு, நூறு கலம் நெல் விளையும் பங்கு. ஒவ்வொருத்தியின் பேரும் கல்லில் இருக்கிறது. அவர்கள் இருந்த இடம் தளிச்சேரி. கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக் கணக்கைச் சொல்லும் கல்வெட்டுகளில் வேறு சேரிகளும் வருகின்றன: பறைச்சேரி, தீண்டாச்சேரி. அங்கே நிலத்துக்குக் கணக்கு இருக்கு, ஆளுக்குப் பேர் இல்லை. அந்த நூறு கலத்தை விளைவித்தது யார் என்று கல் சொல்லாது.

இதைச் சொல்வது பாலாவின் மேல் குற்றம் சுமத்த அல்ல. கோயில் அவர்களையும் வெளியே தள்ளியது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்தபோது கோயில் ஆட்டமும் நின்றது. அந்தச் சட்டம் வேண்டும் என்று கத்தியவர்களில் அந்த மரபிலேயே பிறந்தவரும் உண்டு. மாயவரத்துக்குப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதி, மைனர்களையும் பூசாரிகளையும் தாய்க்கிழவிகளையும் ஒருசேர உரித்துக் காட்டினார். பாலாவுக்குப் பெருமையாக இருந்த வீடு ராமாமிர்தத்துக்குச் சிறை. ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நம்மைப் பொறுத்தவரை ராமாமிர்தத்தின் பக்கம் கனம் அதிகம். ஏனென்றால் சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் திருவள்ளூர்ப் பக்கம் அருந்ததியர் பெண்பிள்ளைகளை மாதம்மாவாக நேர்ந்துவிட்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, பங்கும் இல்லை, பத்ம விருதும் இல்லை. தேவதாசி மரபு என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இவர்களையும் அந்தச் சொல்லுக்குள் வைத்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் பாலசரஸ்வதியிடம் நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பறை இன்றைக்குக் கல்லூரி மேடைக்கும் வெளிநாட்டு மேடைக்கும் போகிறது. நல்லதுதான். கூடவே சில குரல்களும் வருகின்றன: சாவு அடி வேண்டாம், குடிச்சிட்டு ஆடுற ஆட்டம் வேண்டாம், ஆதித் தமிழர் இசைன்னு சொல்லுங்க, சாதிப் பேர் எதுக்கு? சதிருக்கு 1930களில் நடந்த அதே வேலை இது. இழவு வீட்டில் கூலிக்கு அடிக்கச் சொன்ன அடிமைத்தனத்தை மறுப்பது நம் உரிமை. எதை விடுவது, எதை வைப்பது என்பதை நாமே முடிவு செய்வோம். அடுத்தவன் வந்து கழுவித் தர வேண்டாம். அடிக்கிறவர் பேரும் ஊரும் மேடையில் சொல்லப்பட வேண்டும், கற்றுக்கொடுக்கிற இடத்தில் அவரே வாத்தியாராக உட்கார வேண்டும். உழத்தியின் கடையம் இந்திராணி பேரில் போனது போல பறையும் போய்விடக் கூடாது.