காயமும் குற்றமும்: ‘உள்ளான சுகம்’ ஜெப ஊழியப் பயிற்சியின் தமிழ்ச் சொல்லாட்சி – ஒரு திறனாய்வு

முன்னுரை

‘கிராமாட்’ என்னும் மலாய்ச் சொல் அரபு மொழியின் ‘கராமத்’ என்பதன் வழி வந்தது. அருளாளர் வழி நிகழும் அற்புதத்தையும் அத்தகையோர் அடங்கிய இடத்தையும் அது ஒருங்கே குறிக்கும். பினாங்கு, ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் வட்டாரம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. மனத்துயர் கொண்டோர் சமய எல்லை கடந்து அடக்கத் தலங்களிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் முறையிடுதல் இத்தீவில் நெடுநாளைய வழக்கம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் திரளும் கூட்டமும், ஜூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்திற்குச் செல்லும் பல்லினப் பக்தர்களும் இதற்குச் சான்றாவர்.

இம்முறையீட்டு மரபின் பிற்கால வடிவங்களுள் ஒன்று, தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ‘உள்ளான சுகம்’, ‘உள்மனக் காயங்களைக் குணமாக்குதல்’ முதலிய பெயர்களால் வழங்கும் ஜெப ஊழியமும் அதற்கென நடத்தப்பெறும் பயிற்சியுமாகும். இதனை இறையியல் நோக்கிலும் உளவியல் நோக்கிலும் ஆய்ந்தோர் உளர். இப்பயிற்சி தமிழில் எவ்வாறு பேசுகிறது என்பதை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை. காயத்தையும் குற்றத்தையும் வேறுபடுத்தும் சொற்கள் பயிற்சி பெறுபவரிடம் இல்லையாயின், காயமுற்றவரே குற்றவாளியின் இடத்தில் நிறுத்தப்படுவார் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பயிற்சியின் வரலாற்றுப் பின்னணி

இவ்வூழியத்தின் தற்கால மூலவராகப் பெரிதும் குறிக்கப்படுபவர் ஆக்னஸ் சான்ஃபோர்டு (1897–1982). சீனாவில் மிஷனரிப் பெற்றோர்க்குப் பிறந்த அவர், ‘நினைவுகளைக் குணமாக்குதல்’ என்னும் கருத்தைப் பரப்பினார். 1967இல் அமெரிக்காவின் டுக்கேன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தின் வழி அது கத்தோலிக்கரிடமும் பரவியது. இயேசு சபைத் துறவியரான டென்னிஸ் லின், மேத்யூ லின் சகோதரர்கள் 1978இல் வெளியிட்ட நூலில், மரணத்தை எதிர்கொள்வோரின் மனநிலை குறித்து எலிசபெத் கூப்லர் ராஸ் வகுத்த ஐந்து படிகளை மன்னிப்பின் படிகளாக மாற்றியமைத்தனர். சீர்திருத்தச் சபைகளின் தரப்பில் டேவிட் சீமண்ட்ஸ் 1981இல் எழுதிய நூல் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. அவர் இந்தியாவில் பல்லாண்டுகள் மெதடிஸ்டு மிஷனரியாகப் பணியாற்றியவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1986இல் இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரருகே எல்லல் கிரேஞ்ச் மாளிகையில் தொடங்கிய எல்லல் ஊழியம் இதனை ஒழுங்கான பாடத்திட்டமாக வளர்த்தது. கத்தோலிக்கத் தமிழர்க்கோ கேரளத்தின் முரிங்ஙூர் தியான மையம் முதன்மையான வாயிலாயிற்று. அங்குத் தமிழிலும் தியானங்கள் நடைபெறுகின்றன.

பயிற்சியின் அமைப்பு பெரும்பாலும் ஒரே தன்மையது. இருவர் இணைந்து ஒருவருக்காக ஜெபிப்பர். முதலில் கேட்டல், அடுத்து வலியின் வேரான நினைவைத் தேடுதல், அந்நினைவினுள் இயேசுவை வருவித்துக் காணுதல், தீங்கிழைத்தவரை மன்னித்தல், தொடர்புடைய கட்டுகளை அறுத்தல், இறுதியில் ஆசி. இவற்றுள் முதற்படியாகிய கேட்டல் மதிக்கத்தக்கது. தம் துயரைத் தமிழில் சொல்லி, இடையீடின்றிக் கேட்கப்பெறும் வாய்ப்பு நம் சமூகத்துப் பெண்களுக்கும் உழைப்பாளர்க்கும் எளிதில் வாய்ப்பதன்று. இவ்வூழியத்தின் ஈர்ப்பிற்கு இதுவே முதற்காரணம் எனலாம். அடுத்துவரும் படிகளிலேயே சொல்லின் சிக்கல் தோன்றுகிறது.

‘நொறுங்குண்ட’ என்னும் சொல்

பழைய தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் உள்ளத்தின் தலையாய துயர் பாவமே. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தில், பயணி தன் முதுகில் சுமப்பது தன் பாவத்தின் சுமை. சிலுவையடியில் இறங்குவதும் அச்சுமையே. ‘உள்ளான சுகம்’ பயிற்சியில் வரும் பயணி சுமப்பதோ பிறர் செய்ததன் விளைவு. செய்தவன் என்னும் நிலையிலிருந்து செய்யப்பட்டவன் என்னும் நிலைக்கு மனிதன் மாறுகிறான். தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனையில் இது பெரியதொரு திருப்பம். எனினும் அதற்குரிய புதுச்சொற்கள் உருவாகவில்லை. பழைய சொற்களே புதுப்பணிக்கு அழைக்கப்பட்டன.

அவற்றுள் முதன்மையானது ‘நொறுங்குண்ட’ என்பது. சீர்திருத்தச் சபைகள் பயன்படுத்தும் பழைய திருப்புதலில் 51ஆம் சங்கீதம் இச்சொல்லை ஆள்கிறது. அங்கு நொறுங்கியது, தன் குற்றத்தை எண்ணி வருந்தும் தாவீதின் இருதயம். 147ஆம் சங்கீதமும் ஏசாயா 61ஆம் அதிகாரமும் இதே சொல்லை ஆள்கின்றன. அங்கு நொறுங்கியது, பிறரால் துன்புற்றோரின் இருதயம். முன்னதில் நொறுங்குதல் மனந்திரும்புதல். பின்னதில் நொறுங்குதல் அடிபடுதல். ஒரு சொல் இருபொருளைச் சுமக்கிறது.

கத்தோலிக்கர் பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இவ்விரண்டையும் ஓரளவு பிரிக்கிறது. 51ஆம் திருப்பாடலில் ‘குற்றமுணர்ந்த உள்ளம்’ என்னும் ஆட்சி இடம்பெற, 147ஆம் திருப்பாடல் ‘உடைந்த உள்ளத்தோர்’ என்கிறது. எபிரேய மூலத்தின் ஒற்றுமை இதனால் மறையினும், தமிழில் ஒரு தெளிவு கிடைக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த பினாங்குச் சாலைப் புனித சவேரியார் ஆலயத்தினின்று டத்தோ கிராமாட் நெடுந்தொலைவன்று. இத்தகைய நகரில் இருவேறு விவிலியத் தமிழை ஓதுவோர் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். இவ்விரு தமிழையும் ஒப்பிடுவது பயிற்சியாளர்க்கு அருகிலேயே கிடைக்கும் ஒரு கருவியாகும்.

இவ்வேறுபாடு நூலாய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. சிறுவயதில் உறவினர் ஒருவரால் துன்புறுத்தப்பட்ட பெண், ‘நொறுங்குண்ட இருதயத்தோடு வாருங்கள்’ என்னும் அழைப்பைக் கேட்கும்பொழுது எப்பொருளைக் கொள்வார்? வாழ்நாள் முழுதும் பாவ அறிக்கையின் மொழியில் பழகியவர் முதற்பொருளையே கொள்வார். தமக்கு நேர்ந்ததற்குத் தாமே மனம் வருந்த வேண்டும் என எண்ணுவார். அவர் குணம்பெற வந்தவர், அறிக்கையிட்டுத் திரும்புகிறார்.

ஏசாயாவின் பழைய திருப்புதல் ‘காயங்கட்டுதல்’ என்னும் அரிய சொல்லையும் தருகிறது. காயத்தைக் கட்டுதல் வேறு, காயமே இல்லையாக்குதல் வேறு. கட்டுபவர் புண்ணைத் தூய்மை செய்து, காத்து, மீண்டும் அவிழ்த்துப் பார்ப்பவர்; அதற்குக் காலம் வேண்டும். வள்ளுவரும் 129ஆம் குறளில், தீப்புண் உள்ளே ஆறிவிடினும் நாவினால் விளைந்த வடு ஆறாது என்னும் கருத்தை நிறுவுகிறார். ஓரிரு நாள் கூட்டத்தில் முழுச்சுகம் வாக்களிக்கும் பயிற்சிமொழியை இவ்விரு மரபும் ஒருங்கே எச்சரிக்கின்றன. குணமாதலை மறுப்பதன்று இவ்வெச்சரிக்கையின் நோக்கம். அதன் விரைவைப் பற்றி அடக்கமாகப் பேச வேண்டும் என்பதே.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

பயிற்சிகளில் காயங்களைப் பட்டியலிடும் வழக்கம் உண்டு. நிராகரிப்பு, அவமானம், பயம், தந்தையன்பின்மை, அன்பர் பிரிவு என அது அமையும். இப்பட்டியலைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு ஒப்பிடுதல் பயன் தரும். அழுகை தோன்றும் களன்களாகத் தொல்காப்பியர் நான்கனைச் சுட்டுவர்: பிறரால் இகழப்படும் இளிவு, உயிரும் பொருளும் இழக்கும் இழவு, முன்னைய நிலையினின்று தாழ்ந்து தளரும் அசைவு, நுகர்ச்சிக்கு வழியற்ற வறுமை.

பயிற்சிப் பட்டியலில் இளிவும் இழவும் நிறைந்துள்ளன. அசைவு அரிதே இடம்பெறுகிறது; வறுமைக்கு இடமே இல்லை. இல்லம் என்னும் வட்டத்தினுள் நிகழ்ந்தவையே காயம் எனக் கொள்ளப்படுவதால் இந்நிலை ஏற்பட்டது. மேலைநாட்டு நடுத்தரக் குடும்பத்தை முன்வைத்து எழுந்த பட்டியல், தோட்டம் துண்டாடப்பட்டு நகர்ப்புற அடுக்ககத்திற்குப் பெயர்ந்த குடும்பத்தின் கண்ணீரை முழுதும் அளக்க இயலாது. சம்சு குடித்து மனைவியை அடித்த தந்தையைப் பயிற்சி காண்கிறது. சம்சுக்கடையைத் தொழிலாளர் லயத்தருகே செழிக்கவிட்ட அமைப்பைக் காண்பதில்லை. தந்தையின் பொறுப்பு இதனால் குறையாது. ஆயினும் காயத்தின் வேரைத் தேடுவதாகச் சொல்லும் ஒரு முறை, வேரின் ஒரு கிளையோடு நின்றுவிடுதல் குறையே.

தலைமுறைச் சாபமும் தலைமுறை வரலாறும்

இக்குறை மிகுந்து தோன்றுமிடம் ‘தலைமுறைச் சாபம்’ என்னும் பாடம். முன்னோரின் குற்றம் பின்னோரைப் பற்றும் என்னும் கருத்திற்கு யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் ஆதாரமாகக் காட்டப்படும். மலேசியத் தமிழ்ச் சூழலில் இப்பாடம் நேரே தோட்டத்து முனியாண்டி, மதுரை வீரன், காளியம்மன் வழிபாட்டைச் சென்று சேர்கிறது. பேரக்குழந்தையின் மனச்சோர்வுக்குப் பாட்டி ஏற்றிய விளக்கு காரணமாக்கப்படுகிறது. முதல் தலைமுறைக் கிறிஸ்தவர் ஒருவர் தம் பாட்டியை நினைக்கும் நினைவே அவருக்கு ஐயத்திற்குரியதாகிவிடுகிறது. காயத்தைக் கட்ட வந்த பாடம் புதிய காயமொன்றை உண்டாக்குகிறது.

விவிலியத்தினுள்ளேயே இதற்கு மறுப்பு உண்டு. எசேக்கியேல் 18ஆம் அதிகாரம், தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்பதை விரிவாக வாதிடுகிறது. பயிற்சிகள் யாத்திராகமத்தைப் போல் இவ்வதிகாரத்தையும் கற்பித்தல் முறையாகும்.

தலைமுறைகளைக் கடந்து வரும் வலி என ஒன்று இல்லாமலில்லை. 1942–43இல் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மீளவில்லை. மீண்டோர் பலர் அதனைப் பற்றிப் பேசவும் இல்லை. அம்மௌனத்தில் வளர்ந்த பிள்ளைகள் தந்தையின் இறுக்கத்தை அன்பின்மை என்றே அறிந்திருத்தல் கூடும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இவ்வலியைச் சாபமாகக் காணாமல் வரலாறாக எழுதின. சாபம் எனின் அறுத்தெறிய வேண்டும். வரலாறு எனின் கேட்டறிய வேண்டும். முன்னோரைக் குற்றவாளியாக்காமல் அவர்தம் காயத்தையும் காணச் செய்யும் இந்நாவல்கள், ஜெப ஊழியப் பயிற்சியின் வாசிப்பில் இடம்பெறத் தக்கன.

மன்னிப்பு மொழியும் பேச்சு மொழியும்

பயிற்சியின் உச்சம் மன்னிப்பு. ‘நான் அவரை மன்னிக்கிறேன்’ என்னும் தொடர் ஜெபிப்பவர் சொல்லித்தர, வந்தவர் திருப்பிச் சொல்வார். ஈங்கு இரண்டு செய்திகள் நோக்கற்பாலன.

ஒன்று, மொழிநிலை. ஜெபம் ‘நீர்’, ‘உம்முடைய’ எனப் பழைய திருப்புதலின் நடையில் அமைகிறது. நினைவோ வீட்டுப் பேச்சில் உள்ளது; ரோத்தான், லயம், சம்சு என்னும் சொற்களில் உள்ளது; சிலவேளை மலாயிலும் உள்ளது. குழந்தைப் பருவத்தில் ஒருபோதும் பேசாத மொழியில் குழந்தைப் பருவத்து வலியைச் சொல்லுமாறு வந்தவர் பணிக்கப்படுகிறார். சொல்லித்தரும் தொடரை அவர் பிழையின்றிச் சொல்லலாம். அது அவருடைய சொல்லாவதில்லை. வீட்டுத் தமிழில் பேசவிட்டுக் கேட்டல் பயிற்சியின் முதல் ஒழுங்காக வேண்டும்.

மற்றொன்று, காலநிலை. ‘மன்னிக்கிறேன்’ என்பது நிகழ்கால வினை. தீங்கு இறந்தகாலத்தது ஆகும்பொழுதே அவ்வினைக்குப் பொருள் உண்டு. அடிக்கும் கணவன் இன்றும் வீட்டில் இருக்க, அன்றிரவே மனைவி அவ்வீட்டிற்குத் திரும்ப வேண்டியிருக்க, ‘மன்னிக்கிறேன்’ என்பதை அவர் ‘பொறுத்துக்கொள்கிறேன்’ என்றே கேட்பார். தமிழில் ‘பொறுத்தல்’ என்னும் சொல் மன்னித்தலையும் சகித்தலையும் ஒருங்கே குறிப்பது இவ்விடரைப் பெருக்குகிறது. மன்னிப்பிற்கு முன் பாதுகாப்பு என்பது பயிற்சியின் இலக்கணமாதல் வேண்டும். நாட்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. பின்வந்த திருத்தம் மனத்திற்கு இழைக்கும் கொடுமையையும் வன்முறையாக ஏற்றது. 1985இல் பினாங்கில் தொடங்கிய மகளிர் மாற்றத்திற்கான மையம் இத்துறையில் துணைபுரிகிறது. ஜெபிப்பவர் இவற்றை அறிந்திருத்தல் விசுவாசக் குறைவாகாது. ‘கவுன்சலர்’ என்னும் பெயரால் தொழில் புரிவதற்குப் பதிவு வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின் விதி. சான்றிதழ் வழங்கும் பயிற்சிகள் தம் மாணவர்க்கு இவ்வெல்லையைத் தெளிவாக உணர்த்துதல் கடன்.

முடிவுரை

‘உள்ளான சுகம்’ ஜெப ஊழியம் தமிழ்க் கிறிஸ்தவர்க்கு ஒரு புதிய வாயிலைத் திறந்தது. ‘நான் பாவம் செய்தேன்’ என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர்க்கு, ‘எனக்குத் தீங்கு செய்யப்பட்டது’ என்று சொல்லவும் அது இடமளித்தது. அவ்வாயிலைப் பழைய சொற்களே மீண்டும் அடைத்துவிடாமல் காப்பது பயிற்சி அளிப்போரின் பொறுப்பு. நொறுங்குண்டவர் எவ்வகையில் நொறுங்கினார் எனக் கேட்டறிதல், வறுமையையும் அசைவையும் காயப் பட்டியலில் சேர்த்தல், சாபம் எனத் துணியுமுன் வரலாற்றைக் கேட்டல், வீட்டுத் தமிழுக்கு இடமளித்தல், பாதுகாப்பை மன்னிப்பிற்கு முன் வைத்தல் ஆகிய ஐந்தும் இத்திறனாய்வு முன்வைக்கும் முடிபுகள்.

தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. நெடுங்காலம் குற்றமாகக் கருதப்பட்ட ஒன்றைச் சட்டம் காயமாகக் காணத் தொடங்கியுள்ளது. சட்டத்தின் மொழி மாறிய நாட்டில் ஜெபத்தின் மொழியும் அவ்வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளுதல் தகும்.