வழவழப்பை நம்பி ஏமாறும் போர்ட் வேலை

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்களில் இப்போது நன்றாக விலைபோகும் வேலை "போர்ட் மேட்ச்சிங்". வேறு மாடலின் ஹெட்டை மாட்டிவிட்டு, பழைய இன்டேக் மேனிஃபோல்டின் வாயை அதற்கேற்பக் குடைந்து, உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுத் தருகிறார்கள். வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பையன்கள் ஒரு மாசச் சம்பளத்தைக் கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். இதில் பாதி வேலை வீண், கால்வாசி வேலை கெடுதல் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஹெட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்ம ஊர் வண்டியே சாட்சி. 2007-ல் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போர் 62 மிமீ, ஸ்ட்ரோக் 52.9 மிமீ, 159.7 சிசி. 2018-ல் வந்த ஆர்டிஆர் 160 4வி-யிலும் இதே 62, இதே 52.9. பிஸ்டன் ஓடும் இடம் ஒரே அளவு. ஆனால் முதலாவதில் ஹெட்டுக்குள் இரண்டு வால்வு, அடுத்ததில் நான்கு. கார்புரேட்டர் மாடல்களில் பவர் 15.2-லிருந்து 16.5 பிஎஸ் ஆனது. கேம், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் பெரிய மாற்றம் மூச்சு போகும் வழியில்தான். நான்கு வால்வு ஹெட்டில் போர்ட் உள்ளே போய் இரண்டாகப் பிரியும். அந்த வளைவையும் வால்வு சீட்டையும் வடிவமைத்தவர்கள் வாசலை மட்டும் தனியாக யோசிக்கவில்லை. வாசலை மட்டும் அகலப்படுத்தினால் உள்ளே இருக்கும் இடுக்கு அப்படியேதான் இருக்கும்.

ஒரு கணக்கு போடலாம். பேச்சுக்கு போர்ட் 26 மிமீ என்று வைத்துக்கொள்வோம். 159.7 சிசி இன்ஜின் 8500 ஆர்பிஎம்-மில் சிலிண்டரை முழுசாக நிரப்புகிறது என்றால், இன்டேக் ஸ்ட்ரோக்கில் காற்றின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 85 மீட்டர். அதே போர்ட்டை 28 மிமீ ஆக்கினால் 73. ரெண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பளவு 16 சதவீதம் கூடிவிடுகிறது. 3000 ஆர்பிஎம்-மில் 30 மீட்டர் இருந்தது 26 ஆகிறது. கார்புரேட்டர் வண்டியில் காற்று மெதுவானால் பெட்ரோல் துளிகள் மேனிஃபோல்டு சுவரில் ஒட்டிக்கொண்டு வழியும். ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளி வரை டிராஃபிக்கில் ஊர்ந்து போகிறவனுக்கு வேண்டியது இந்த 3000-த்தில் கிடைக்கும் பிக்கப்தான். அதை விற்றுவிட்டு 8500-ல் ஏதோ வாங்குகிறான். அங்கேயும் வால்வுதான் இடுக்கு என்றால், வாங்கியது ஒன்றுமில்லை.

அடுத்தது கேஸ்கெட். அதைத்தான் அச்சாக வைத்துக் கோடு கிழிக்கிறார்கள். கேஸ்கெட்டின் ஓட்டை பெரும்பாலும் போர்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டப்பட்டிருக்கும், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலும் காற்றை மறைக்கக்கூடாது என்பதற்காக. அந்தக் கோடு வரை குடைந்தால் வாசலில் ஒரு புனல், உள்ளே போனதும் பழைய அளவு. காற்று விரிந்து, சுழன்று, மறுபடி சுருங்குகிறது. இதற்கா காசு?

எந்தப் பக்கம் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருமே கேட்பதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். மேனிஃபோல்டு பெரிது, ஹெட்டின் வாய் சிறிது என்றால், ஓடிவரும் காற்று நேராக ஒரு படியில் முட்டும். அதை எடுத்தே ஆகவேண்டும். மேனிஃபோல்டு சிறிது, ஹெட் பெரிது என்றால், காற்று படியிலிருந்து இறங்குகிறது, நஷ்டம் குறைவு. வால்வு மூடும் நேரத்தில் பின்னோக்கித் தள்ளும் காற்றை அந்தச் சின்னப் படி கொஞ்சம் தடுக்கும் என்று அதை வேண்டுமென்றே விட்டுவைக்கும் ரேஸ் டியூனர்களும் உண்டு. ரெண்டையும் ஒரே பர்ரால் ஒரே மாதிரி சமன் செய்வதைத்தான் இங்கே மேட்ச்சிங் என்று பில் போடுகிறார்கள்.

பாலிஷ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எக்ஸாஸ்ட் பக்கம் கரி ஒட்டாமல் இருக்க உதவும். இன்டேக் பக்கம் 80 நம்பர் எமரித் தாளில் விட்ட சொரசொரப்பே போதும். பளபளப்பு காட்டும் வீடியோ நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

குறை சொல்ல வேண்டிய இன்னொன்று, போல்ட் ஓட்டை. போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். வைஸில் பிடித்து அழகாகக் குடைந்த மேனிஃபோல்டு, வண்டியில் மாட்டும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் அத்தனை உழைப்பும் போச்சு. இரண்டு டவல் பின் போட்டால் முடிந்தது விஷயம். விஎம்சி மெஷினும் ரீமரும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர் இது. ஷிஃப்டில் மைக்ரான் அளக்கிறவன், சாயங்காலம் தன் வண்டிக்கு வந்ததும் கண்ணளவு போதும் என்கிறான்!

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஆபத்து இன்னும் கூடுதல். இன்ஜெக்டர் தெளிக்கும் கோணம் வால்வின் முதுகைப் பார்த்து அமைத்தது. வேறு ஹெட் வந்தால் அந்தக் குறி தவறும். ஆக்சிஜன் சென்சார் சாதாரண ஓட்டத்தில் கொஞ்சம் சரிக்கட்டும். முழு த்ராட்டிலில் ஈசியூ தன்னிடம் உள்ள பழைய கணக்கைத்தான் நம்பும். கலவை மெலிந்தால் சூடு ஏறும். சட்டமும் சும்மா இல்லை: 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது.

நானும் ஒருமுறை செய்துகொண்டவன்தான். வேலை முடிந்து ஒரு வாரம் ஐடிலிங் நிற்கவே இல்லை, ஜெட் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் வயதான ஒரு மெக்கானிக் ஸ்பேனரைக்கூட எடுக்காமல், "தம்பி, கார்புரேட்டரைக் கழட்டிட்டு உள்ள விரல விட்டுப் பாருங்க" என்றார். நகம் போய் ஒரு படியில் தட்டியது. காற்று வரும் திசையைப் பார்த்தபடி, மேல்பக்கம், சுமார் ஒரு மில்லிமீட்டர்.